எழுபது மணி நேரம் எண்ணெயில் ஊறும் வளையம்

என் உள்ளங்கையில் மூன்று கறுப்பு வளையங்கள். சுண்டுவிரலில் போட்டால் இறுக்கமாக நிற்கும், அவ்வளவுதான் அளவு. "நீங்களே உள்ள விடுங்கம்மா" என்று கண்ணாடிக் குழாயை நீட்டுகிறார் பட்டறை முதலாளி. குழாய்க்குள் தேன் நிறத்தில் எண்ணெய். வளையங்களைக் கம்பியில் கோத்து, ஒன்றோடொன்று உரசாமல் இறக்குகிறேன். மூன்றும் முழுகுகின்றன. குழாயைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்து, முள் 100 டிகிரியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டிய பலகையில் சாக்பீஸால் எழுதுகிறார்: திங்கள், மதியம் 2.

"வியாழக்கெழம பன்னெண்டு மணிக்கு வாங்க. எழுபது மணி நேரம் ஆயிரும். தெறந்து பாப்போம்."

எழுபது மணி நேரம்! கொதிக்கும் தண்ணீரின் சூட்டில், ராத்திரி பகலாக, எண்ணெய்க்குள்! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போதே திறந்து பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

இந்த வளையம் நைட்ரைல் ரப்பரால் ஆனது. எண்ணெய்க்கு மசியாத ரப்பர். நான் நிற்பது மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறைக்குள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே நடப்பதை இந்த வாரம் முழுக்கப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது!

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மூடியைக் கழற்றிவிட்டு அதன் வாய்க்குள் குனிந்து பார்ப்பாரே, எதைப் பார்க்கிறார் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? வால்வுக்குள் ஒரு கறுப்பு வளையம் உட்கார்ந்திருக்கிறது. ரெகுலேட்டரை அழுத்தியதும் அதைச் சுற்றிலும் கவ்விப் பிடித்து, கேஸை வெளியே விடாமல் காப்பது அதுதான். நாம் 'வாஷர்' என்போம். பட்டறையில் 'ஓ ரிங்'. சென்ற மாதம் எங்கள் வீட்டுச் சிலிண்டரில் லேசாக 'உஸ்' என்று சத்தம் வந்தது. வந்தவர் கொக்கிக் கம்பியால் பழைய வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்து ஐந்து விநாடியில் பொருத்திவிட்டார். சத்தம் நின்றது. பழையதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அதை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வீட்டின் பாதுகாப்பே இந்தப் பொடி வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே என்ற பிரமிப்பு அடங்கவில்லை.

அதோடு ஒரு பழைய கேள்வியும் கிளம்பிவிட்டது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். அப்பாவின் மொபெட்டில் பெட்ரோல் திருகுக் குழாய் கசிந்தது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டார். சாயங்காலம் கசிவு நின்றுவிட்டது. விடிந்து பார்த்தால் திண்ணையெல்லாம் பெட்ரோல். கழற்றிய வாஷர் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி உப்பி, நெளிந்து, விரலால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. "ரப்பர் எப்பிடிப்பா ஊறும்?" என்று கேட்டேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் கழித்து, கப்பலூரில், அலமாரியில் வரிசையாக நிற்கும் புட்டிகளுக்கு முன்னால் பதில் கிடைத்தது!

முதல் புட்டியில் பெட்ரோல். அதற்குள் மரத்து ரப்பரில் செய்த வளையம். 'வளையம்' என்றே சொல்ல முடியாது. ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை காலையில் எப்படிப் பூரித்துக் கிடக்குமோ அப்படி. மரத்து ரப்பர் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். பெட்ரோலும் அதே கார்பனும் ஹைட்ரஜனும். இனம் இனத்தைச் சேர்கிறது. ரப்பரின் நீளமான சங்கிலிகளுக்கு நடுவே பெட்ரோல் தாராளமாக நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. சங்கிலிகள் கந்தகத்தால் முடிச்சுப் போடப்பட்டவை என்பதால் கரைந்து ஓட முடியாது, உப்பிப்போகத்தான் முடியும். அப்பாவின் ட்யூப் வாஷருக்கு ராத்திரி முழுக்க நடந்தது இதுதான்.

இரண்டாவது புட்டியிலும் அதே பெட்ரோல். உள்ளே நைட்ரைல் வளையம். போட்டது போட்டபடி, கறுகறுவென்று, கச்சிதமாக!

இதன் சங்கிலியில் இரண்டு பொருள்கள் கலந்து கோக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று பியூட்டாடையீன், இழுத்தால் நீளவும் விட்டால் திரும்பவும் செய்கிற ரப்பர் குணம் அதனால் வருகிறது. இன்னொன்று அக்ரிலோநைட்ரைல். அதில் ஒரு நைட்ரஜன், கார்பனின் கையை மூன்று பிணைப்புகளால் பிடித்துக்கொண்டு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. அதனால் ஒரு முனையில் லேசான எதிர்மின், மறுமுனையில் லேசான நேர்மின். சங்கிலிகள் ஒன்றையொன்று இந்த மின் கவர்ச்சியால் பிடித்துக்கொள்கின்றன. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அப்படி முனைகள் கிடையாது. உள்ளே நுழைய இடமும் இல்லை, அழைப்பும் இல்லை!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. இந்த இரண்டு பொருள்களுமே பெட்ரோலிய வழி வந்தவை. நாப்தாவை உடைக்கும்போது பியூட்டாடையீன் வருகிறது. புரோப்பிலீனும் அம்மோனியாவும் சேர்ந்து அக்ரிலோநைட்ரைல் ஆகிறது. எண்ணெயின் வீட்டில் பிறந்துவிட்டு எண்ணெய்க்கே பணிய மாட்டேன் என்கிறது. இரணியன் வீட்டுப் பிரகலாதன்!

"ஏ.சி.என். எத்தனைன்னு கேளுங்க, அதுதான் சூட்சுமம்" என்கிறார் முதலாளி. அக்ரிலோநைட்ரைலை இங்கே எல்லோரும் ஏ.சி.என். என்றுதான் சொல்கிறார்கள். இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் எத்தனைக்கு எத்தனை என்பதுபோல, நைட்ரைல் ரப்பரின் ஜாதகமே இந்த விகிதத்தில் இருக்கிறது. 18 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை ஏ.சி.என். வைத்துச் செய்கிறார்கள். இந்தப் பட்டறையில் புழங்குவது பெரும்பாலும் 33. கூட்டினால் எண்ணெய் கிட்டவே வராது, ஆனால் குளிரில் விறைத்துவிடும். 50 சதவீதம் போட்ட ரப்பர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரியிலேயே கட்டைபோல் ஆகத் தொடங்கும்; 18 சதவீதத்தது பூச்சியத்துக்குக் கீழே 40 வரை வளைந்துகொடுக்கும், ஆனால் எண்ணெயைக் கொஞ்சம் உள்ளே விட்டுவிடும். லடாக்குக்குப் போகிற லாரிக்கு ஒரு விகிதம், மதுரை வெயிலில் நிற்கும் பம்ப் செட்டுக்கு வேறொரு விகிதம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 'எல்லாத்துக்கும் நல்ல ரப்பர்' என்று ஒன்று இல்லை என்பதை இங்கே சின்னப் பையனும் சொல்கிறான்.

மூலையில் பாலித்தீன் சுற்றிய வெளிர்மஞ்சள் கட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பழைய வெல்லக் கட்டியின் கனம், ஆனால் அழுத்தினால் மெல்ல உள்வாங்குகிறது. இதுதான் காய்ச்சாத நைட்ரைல். சோப்புத் தண்ணீரில் இரண்டு பொருள்களையும் கலக்கி, பெரும்பாலும் 5 டிகிரிக் குளிரில் வைத்துச் சங்கிலியாகக் கோக்கவிட்டால், பால் போன்ற திரவம் வருகிறது. அந்தப் பாலைத் திரியவைத்து, பிழிந்து, உலர்த்தி, கட்டியாக அழுத்துகிறார்கள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிறது. குஜராத்தில் அங்கலேஷ்வருக்குப் பக்கத்தில் வாலியாவிலும் செய்கிறார்கள்.

திரியவைக்காமல் அந்தப் பாலிலேயே பீங்கான் கைகளை முக்கி எடுத்தால்? ஆஸ்பத்திரியில் பார்க்கும் நீலக் கையுறை! கொரோனா காலத்தில் நம் எல்லோர் கைக்கும் வந்ததே, அது இந்த வளையத்தின் உடன்பிறப்பு. மரத்துப் பாலில் இருக்கும் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நைட்ரைலில் அந்தப் புரதமே இல்லை. அந்தக் கையுறைகளின் பெரும்பங்கு மலேசியாவில் உருவாகிறது. நம் பாட்டன்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அதே மண்ணில், மரமே இல்லாத பாலில் பீங்கான் கைகள் வரிசையாக முழுகி எழுகின்றன. இதை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டிகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

முதலில் இதைச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் எரிக் கொன்ராடும் எடுவார்ட் சுங்குரும் 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். முதல் உலகப் போரில் கடல்வழி அடைபட்டு ரப்பருக்குத் தவித்த நாடு அது. மரத்தை நம்பாத ரப்பர் வேண்டும் என்ற தாகம் அங்கே தீரவே இல்லை. வைத்த பெயர் பூனா-என். நம்ம புனே அல்ல! பியூட்டாடையீனின் 'பூ', சோடியத்துக்கு ஜெர்மன் பெயரான நாட்ரியத்தின் 'நா', நைட்ரைலின் 'என்'. முந்திய பூனா ரப்பர்களைச் சோடியம் வைத்துச் செய்தார்கள். இதற்குச் சோடியமே தேவைப்படவில்லை, ஆனாலும் பெயரில் ஒட்டிக்கொண்டது. பிறகு பெர்புனான் என்று பெயர் மாறியது. 1942-இல் ஜப்பான் தென்கிழக்கு ஆசியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு மரத்து ரப்பர் வரும் வழி அடைபட, அங்கே அரசே முன்னின்று செயற்கை ரப்பர்களைச் செய்யவைத்தது. அதில் நைட்ரைலுக்கு ஜி.ஆர்.-ஏ என்று பெயர்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களின் எண்ணெய்த் தொட்டிக் கதையைக் கேட்டதும் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டேன். தொட்டியின் உள் அடுக்கு எண்ணெய்க்கு மசியாத செயற்கை ரப்பர். அதற்கு வெளியே, வேண்டுமென்றே, எண்ணெயில் உப்பும் மரத்து ரப்பர்! குண்டு துளைத்தால் உள் அடுக்கு கிழிந்து பெட்ரோல் வெளி அடுக்கைத் தொடும். தொட்டதும் அது உப்பி, ஓட்டையைத் தானே அடைத்துவிடும். அப்பாவின் மொபெட்டைக் கவிழ்த்த அதே குணம், அங்கே ஒரு விமானியின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது!

*

மிக்ஸிங் கொட்டகைக்குள் போகுமுன் "துப்பட்டாவ இறுக்கிக் கட்டிக்கங்கக்கா" என்றான் ஒரு தம்பி. ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், எதிரும் புதிருமாக, உள்நோக்கிச் சுற்றுகின்றன. ஒன்று வேகமாக, ஒன்று கொஞ்சம் மெதுவாக. அந்த வேக வித்தியாசம்தான் ரப்பரைக் கிழித்துப் பிசைகிறது. இரண்டு வேகமும் ஒன்றாக இருந்தால் சும்மா தட்டையாகும், கலக்காது. தலைக்கு மேல் ஒரு கயிறு. தொட்டால் போதும், உருளை நின்றுவிடும். அந்தக் கயிறு வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் இழுத்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மிக்ஸிங் மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கை வரை கார்பன் கறுப்பு. கட்டியை உருளைக்குள் விடுகிறார். பட் பட்டென்று வெடிச்சத்தம். உள்ளே சிக்கிய காற்று உடைகிறதாம். ஐந்தாறு சுற்றில் கட்டி இளகி, உருளையைச் சுற்றி வேட்டி கட்டியதுபோல் படிந்துவிடுகிறது. கத்தியால் குறுக்கே அறுத்து, சுருட்டி, மறுபடி போடுகிறார். சப்பாத்தி மாவைப் பிசைகிற அம்மாவின் கை நினைவுக்கு வந்தது.

பிறகு ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். கந்தகம். எனக்கு ஆச்சரியம், வழக்கமாகக் கந்தகத்தைக் கடைசியில்தான் போடுவார்கள் என்று படித்திருந்தேன். கேட்டேன்.

"அது மரத்து ரப்பருக்கும்மா. அதுல கந்தகம் சட்டுனு கரைஞ்சிரும். முதல்லயே போட்டா சூட்டுல வெந்து போயிரும். நைட்ரைலுக்குக் கந்தகம் ஒட்டவே ஒட்டாது, திட்டுத் திட்டா நிக்கும். அதான் முதல்லயே போட்டு ஓட்டி ஓட்டிக் கரைக்கணும். கடைசில வேற ஒரு மருந்து போடுவேன், வேகத்தக் கூட்டுற மருந்து. அது விழுந்தாத்தான் கந்தகம் வேல செய்யும்."

முதலில் உப்பா, கடைசியில் உப்பா என்று சண்டை போடும் சமையல்காரர்களின் உலகம்! கந்தகம், துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், பிறகு கார்பன். கார்பன் விழும்போது கொட்டகையே மேகமாகிறது. எல்லோர் முகத்திலும் முகமூடி. இந்தக் கரிதான் ரப்பருக்கு எலும்பு. கரி போடாத நைட்ரைலைக் கையாலேயே கிழித்துவிடலாம். மிக நுண்ணிய கரி போட்டால் கிழியாது, ஆனால் அதிகம் சூடாகும். சற்றுப் பருத்த கரி போட்டால் நன்றாக மீளும். எது எவ்வளவு என்பது மாஸ்டரின் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டை எனக்குக் காட்டவில்லை. கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. அது அவர் சம்பாத்தியம்.

கலந்து முடித்ததைக் காம்பவுண்ட் என்கிறார்கள். அதிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு வெட்டி எடுத்து ஓடுகிறான் தம்பி. பின்னாலேயே நானும் ஓடினேன். ஒரு கருவி, சூடான இரண்டு தட்டுகளுக்கு நடுவே அந்த உருண்டையை வைத்து, கீழ்த்தட்டை அரை டிகிரி இந்தப் பக்கம், அரை டிகிரி அந்தப் பக்கம் என்று ஆட்டிக்கொண்டே இருக்கிறது. திரையில் ஒரு கோடு. முதலில் இறங்குகிறது, ரப்பர் இளகுகிறது. கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கிறது. பிறகு திடீரென்று ஏறுகிறது பாருங்கள்! கந்தகம் சங்கிலிகளுக்கு முடிச்சுப் போடத் தொடங்கிய நொடி அது. கண்ணுக்குத் தெரியாத முடிச்சு விழுவதைக் கோடாகப் பார்க்கிறேன்! நான் கைதட்டிவிட்டேன். தம்பிக்கும் சிரிப்பு. அவன் இதைத் தினமும் இருபது தடவை பார்க்கிறான். இருந்தாலும் கோடு ஏறும்போது அவன் கண்ணும் திரையை விட்டு நகரவில்லை.

பிரஸ் ஓரத்தில் அனல். 160 டிகிரி. இரும்பு மோல்டில் வளைய வளையமாகக் குழிகள். அவற்றில் காம்பவுண்டை வெட்டி வைத்து, மூடி, அழுத்துகிறார்கள். ஒரு தடவை அழுத்தி, சட்டென்று திறந்து, மறுபடி அழுத்துவார்கள், காற்று வெளியேறத்தான். இதைச் செய்யாவிட்டால் வளையத்துக்குள் கொப்புளம் நின்றுவிடும். ஐந்தாறு நிமிடம். மோல்டு திறந்ததும் ஒரு தகடே வருகிறது, வடைச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஆவி பறக்க. நடுவே வளையங்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வுக்குப் பெயர் ஃபிளாஷ்.

ஃபிளாஷ் எடுப்பது அக்காமார் வேலை. வேப்பமரத்து நிழல் விழும் ஜன்னலோரம் ஆறு பேர். வளைந்த கத்தரி; வளையம் விரலில் ஒரு சுற்று சுற்றுகிறது; சவ்வு சுருளாக விழுகிறது; வளையம் டப்பாவுக்குப் போகிறது. நான் ஒன்றை முடிக்குமுன் பக்கத்து அக்கா பதினைந்து முடித்துவிட்டார். "கண்ணால பாக்காதத்தா, வெரலு சொல்லும்" என்றார். வெட்டிய இடத்தை விரல் நுனியால் நீவுகிறார். ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் அந்த வழியாக எண்ணெய் கசிந்துவிடும். பெரிய ஆலைகளில் திரவ நைட்ரஜனைப் பாய்ச்சி எல்லாவற்றையும் உறையவைத்து உலுக்குவார்கள். மெல்லிய ஃபிளாஷ் முதலில் விறைத்து, கண்ணாடிபோல் உடைந்து உதிர்ந்துவிடும், தடித்த வளையம் பிழைத்துக்கொள்ளும். அதுவும் அழகுதான். ஆனால் அந்த விரல்களுக்குத் தெரிவது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது என்று நான் நம்புகிறேன்.

ஆயில் சீல் தனி உலகம். இரும்பு வளையம், அதில் ஒட்டிய நைட்ரைல் உதடு, உதட்டின் முதுகில் தலைமுடிபோல் நுண்ணிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஒரு முனை கூம்பாக இருக்கும். அதை மறுமுனைக்குள் திருகினால் வட்டமாகிவிடுகிறது. சுழலும் தண்டைச் சுற்றி இந்த உதடு உட்கார்ந்துகொள்ளும். பைக்கின் என்ஜினில், டிராக்டரின் கியர்பெட்டியில், பம்ப் மோட்டாரில், எங்கும். உதடு தண்டை இறுகத் தொட்டு அடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம்! உதட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் கணக்கில் எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் உதடு கருகிவிடும். பிறகு ஏன் கசியவில்லை? உதட்டின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள், தண்டு சுழலச் சுழல, வெளியே வரப் பார்க்கும் எண்ணெயைத் திரும்ப உள்ளேயே தள்ளுகின்றன. அது அடைப்பு அல்ல, குட்டி பம்ப்! தெருவில் போகும் ஒவ்வொரு பைக்கையும் இப்போது மரியாதையோடு பார்க்கிறேன்.

*

செவ்வாயும் புதனும் அந்தச் சூட்டுப்பெட்டி ஞாபகமாகவே ஊர் சுற்றினேன். பட்டறையின் சரக்கு எங்கெங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை.

நூற்பாலை ஒன்றில் நுழைந்ததும் பஞ்சு வாசம், காதைத் துளைக்கும் இரைச்சல். மில்காரர்கள் 'காட்ஸ்' என்று சொல்லும் சின்ன ரப்பர் உருளைகள், ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக. கீழே வரிவரியாகக் கோடு போட்ட இரும்பு உருளை, மேலே காட்ஸ். இரண்டுக்கும் நடுவே பஞ்சு இழுபட்டு மெலிந்து நூலாகிறது. இந்த காட்ஸும் பெரும்பாலும் நைட்ரைல்! பஞ்சின் மெழுகும் இயந்திர எண்ணெயும் தினமும் தொடுகிற இடம். வேறு ரப்பர் என்றால் பிசுபிசுத்து நூல் சுற்றிக்கொள்ளும். சில வாரங்களுக்கு ஒருமுறை காட்ஸின் மேல்தோலை மிக மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள், பஃபிங். இந்தியாவின் நூற்பாலைகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டில்தான். அப்படியென்றால் நீங்கள் இப்போது உடுத்தியிருக்கும் துணியின் ஒவ்வோர் இழையும் இந்த ரப்பரின் அடியில் நெளிந்து வந்திருக்கக்கூடும்!

அங்கிருந்து சிவகாசி. ஆஃப்செட் இயந்திரத்தின் பக்கப் பலகையைத் திறந்து காட்டினார் ஒரு அண்ணன். மையைக் குழைத்துக் குழைத்துக் கடத்தும் உருளைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மை என்பது எண்ணெய். ராத்திரி வேலை முடிந்து உருளையைக் கழுவுவதும் மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பானில்தான். உருளை ஓர் இழை உப்பினாலும் முருகன் படத்தில் சிவப்பு ஒரு பக்கம் திட்டாகிவிடும். நைட்ரைல் உருளை உப்பாது. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் பின்னால் இந்தக் கறுப்பு ரப்பர் நிற்கிறது!

திரும்பும் வழியில் ஒரு ஹார்டுவேர் கடையைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. வாசலில், சுள்ளென்ற வெயிலில், ஆணியில் கொத்துக் கொத்தாக ஓ ரிங்கும் ஆயில் சீலும் தொங்கின. நைட்ரைல் எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் வெயிலுக்கும் ஓசோனுக்கும் அஞ்சும். காற்றில் இருக்கும் துளியூண்டு ஓசோனே அதன் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை வெட்டும். இழுபட்டு நிற்கும் இடத்தில்தான் முதல் வெடிப்பு விழும். ஆணியில் தொங்கும்போது இழுபடாமல் என்ன செய்யும்? ஓடும் மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தாலும் இதே கதி, பொறி பறக்கும் இடத்தில் ஓசோன் பிறக்கும். கடைக்கார அண்ணன்மாரே, தயவுசெய்து இவற்றை இருட்டான டப்பாவில், தளர்வாக, போட்டு வையுங்கள். அந்த அக்காமார் விரலால் நீவிப் பார்த்து அனுப்பிய பொருள் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்பாக, வட்டமாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. நெயில்பாலிஷ் அழிக்கும் அசிட்டோனில் நைட்ரைல் உப்பிவிடும். பிரேக் ஆயில் என்று பெயரில் 'ஆயில்' இருந்தாலும் அது கிளைக்கால் இனம், அங்கே இ.பி.டி.எம். என்கிற வேறு ரப்பர்தான் வேண்டும். அந்த இ.பி.டி.எம்.மைப் பெட்ரோலில் போட்டால் அப்பாவின் வாஷர் கதைதான். எத்தனால் கலந்த பெட்ரோலோ இன்னும் விசித்திரம்: வெறும் பெட்ரோலில் உப்புவதைவிட, வெறும் எத்தனாலில் உப்புவதைவிட, இரண்டும் கலந்ததில் நைட்ரைல் அதிகம் உப்பும்! அதனால்தான் இப்போது ஏ.சி.என். கூட்டிய ரகங்களுக்கும், ஃப்ளூரின் ரப்பருக்கும் பட்டறைகளில் கேட்பு வருகிறது.

*

வியாழன், பன்னிரண்டுக்குக் கால் மணி முன்பே போய் நின்றுவிட்டேன். மாஸ்டர், தம்பி, இரண்டு அக்காமார், எல்லோரும் சூட்டுப்பெட்டியைச் சுற்றி. குழாயை வெளியே எடுத்து ஆறவிட்டார் முதலாளி. இரண்டு வளையங்களை எடுத்து, எண்ணெயை ஒற்றித் துடைத்து, தராசில் வைத்தார். பிறகு அதே தராசில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கன அளவு தெரிந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் கப்பலூரில்!

"எட்டு சதவீதம் கூடியிருக்கு."

என் முகம் விழுந்துவிட்டது. மசியாத ரப்பர் என்றார்களே? ஊறியிருக்கிறதே?

மாஸ்டர் சிரித்தார். "ஊறணும்மா. கொஞ்சம் ஊறணும். நாங்க இளக்கத்துக்குப் போட்ட மருந்த எண்ணெய் உறிஞ்சி எடுக்கும். அப்ப வளையம் சுருங்கப் பாக்கும். சுருங்குனா கசிஞ்சிரும். அந்த எடத்த நெரப்பக் கொஞ்சம் எண்ணெய் உள்ள போகணும். போயி, வளையம் லேசாப் பூரிச்சு, குழிக்குள்ள கெட்டியா உக்காந்துக்கிரும். எட்டுன்னா நல்ல வேல. எம்பதுன்னா உங்கப்பா வாஷரு."

இதற்காகவா மூன்று நாள் காத்திருந்தேன்! இதற்காகத்தான்! எண்ணெயை முழுக்க விரட்டுவதுதான் இதன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசல்வரை விட்டு, அளந்து, அத்தோடு நிறுத்துகிறது. அந்த அளவைத்தான் மாஸ்டரின் நோட்டு வைத்திருக்கிறது.

வளையத்தை வாங்கி அழுத்திப் பார்த்தேன். கடினமானி முன்பு 70 காட்டியது, இப்போது இரண்டு மூன்று புள்ளி இறங்கியிருந்தது. சுண்டுவிரலில் போட்டேன். நின்றது. எண்ணெய் மினுமினுக்க, புது மோதிரம் மாதிரி.

"மூணாவது எங்கண்ணே?" என்றேன். குழாய்க்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"அது இருக்கட்டும்மா. ஆயிரம் மணி நேரம் போகட்டும்னு விட்டிருக்கேன்." குழாயை மறுபடி பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். தம்பி விரல்விட்டுக் கணக்குப் போட்டான். "நாப்பத்தொரு நாளு சொச்சம் வருதுண்ணே! சபரிமலைக்கு மாலை போட்ட கணக்கு!"

மாஸ்டர் பலகையில் பழைய எழுத்தை அழித்துவிட்டு, சாக்பீஸை என் கையில் கொடுத்தார். திறக்க வேண்டிய தேதியை நானே எழுதினேன்.